நீத்தார் நினைவுரையில் 'நம்பிக்கை': ஒரு சொல்லின் இடப்பெயர்ச்சி

கிறித்தவத் தமிழில் இறந்தோரை நினைவுகூரும் எழுத்துகள் தனியொரு மொழிவகையாகவே வளர்ந்துள்ளன. கல்லறைக் கல்வெட்டு, நாளிதழ் அறிவிப்பு, ஆண்டு நினைவு அட்டை, சபைப் பதிவேட்டுக் குறிப்பு, அடக்க ஆராதனையில் ஆயர் ஆற்றும் உரை என இதன் வடிவங்கள் பல. அளவிற் சிறியவையாதலால் இலக்கிய ஆய்வாளரோ மொழிபெயர்ப்பாளரோ இவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எனினும் ஒரு குடும்பம் தன் இழப்பைப் பற்றி ஊரறியச் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இவைமட்டுமே. அச்சொற்களை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்லும்போது நேரும் பிழை ஒன்றை இக்கட்டுரை எடுத்துப் பேசுகிறது. பிழை 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல்லைப் பற்றியது. ஆயின் இறந்தவரைக் குறித்து எஞ்சியிருப்போர் சொல்வது யாது என்பதே அதனால் மாறிப்போகிறது.

இச்சிக்கலை ஆராய, தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று உரசும் இடமே ஏற்றது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு மலையோரத்தில், நெய்யாறு அணைக்கு அருகில் அமைந்த அம்பூரி அத்தகைய ஊர். தெற்கேயும் மேற்கேயும் வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை; எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்துகாணி, ஆறுகாணி. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி உறவுகளில் விழவில்லை. வெள்ளறடைக் குரிசுமலைக்குத் தவக்காலத்தில் ஏறும் மக்கள் இன்றும் இரு மாநிலத்தவர். பாடும் பாட்டும் இரு மொழியின.

திருச்சபை வரலாறும் இங்கே பல அடுக்குகளாகக் கிடக்கிறது. இலண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வந்ததிலிருந்து தொடங்கும் சீர்திருத்த சபை மரபு ஒன்று. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையுடன் அது இணைந்தது. மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து மலைநிலம் தேடிக் குடியேறிய சிரியக் கத்தோலிக்கரின் மரபு மற்றொன்று. இலத்தீன் கத்தோலிக்கரின் மரபு மூன்றாவது. நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம், தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டம், மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டம் மூன்றும் 1996 என்னும் ஒரே ஆண்டில் நிறுவப்பட்டமை இப்பகுதியின் நெருக்கத்தை உணர்த்தும். ஆகவே இங்கு ஒரே குடும்பக் கிளைகளின் மரண அறிவிப்புகள் இரண்டு மொழிகளிலும் மூன்று நான்கு வழிபாட்டு மரபுகளிலும் எழுதப்பட இடமுண்டு.

2001 நவம்பர் 9-ஆம் நாள் இரவு, பெருமழையில் மலைச்சரிவு இடிந்து அம்பூரியில் ஏறக்குறைய நாற்பது பேர் மண்ணுள் புதைந்து மாண்டனர். கத்தோலிக்கர் இறந்தோரின் நினைவுக்கென ஒதுக்கிய மாதம் நவம்பர். கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அவ்வூரைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியைச் சொல்லாது விடுதல் இயலாது. ஆனால் அதனை இங்குக் குறிப்பிடுவதற்கு மொழியியற் காரணமும் ஒன்றுண்டு. அது பின்னர் விளங்கும்.

அடக்க வேளையில் பெரும்பாலான சபைகள் வாசிக்கும் பகுதி, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம், 13-ஆம் வசனம் முதலாக வருவது. 13-ஆம் வசனத்தில் 'எல்பிஸ்' என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல் வருகிறது. 14-ஆம் வசனத்தில் 'பிஸ்திஸ்' என்பதோடு தொடர்புடைய வினை வருகிறது. முன்னது இனி வரவிருப்பதைப் பற்றியது. பின்னது நடந்து முடிந்ததை மெய்யென ஏற்பது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதாலேயே, இப்பகுதியின் மொழிபெயர்ப்பு நினைவுரைத் தமிழுக்கு அளவுகோலாயிற்று.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், முதற்சொல்லுக்கு 'நம்பிக்கை' என்றும், இரண்டாவதற்கு 'விசுவாசி' என்னும் வினையையும் இட்டது. பழைய கத்தோலிக்க மன்றாட்டு நூல்களிலும் பிரிவினை இதுவே. 'விசுவாச முயற்சி', 'நம்பிக்கை முயற்சி', 'தேவசிநேக முயற்சி' என்னும் மூன்று செபங்களின் தலைப்புகளே இதற்குச் சான்று. பிற பலவற்றில் வழக்காடிய இரு சபைகளும் இதில் ஒத்திருந்தன என்பது வியப்புக்குரியது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இவ்வமைப்பை மாற்றியது. 'விசுவாசம்' நின்ற இடத்தில் 'நம்பிக்கை' வந்தது; 'நம்பிக்கை' நின்ற இடத்தில் 'எதிர்நோக்கு' என்னும் சொல் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகார முடிவிலுள்ள மூன்று பண்புகளின் பட்டியலைப் பழையதிலும் புதியதிலும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இது உடனே புலனாகும்: ஒன்றில் இரண்டாவதாக நின்ற சொல் மற்றொன்றில் முதலாவதாக நிற்கிறது.

ஒரு சொல் வழக்கொழிந்து மற்றொன்று வந்தால் மொழிபெயர்ப்பாளனுக்கு இடர் இல்லை, அகராதி காட்டிவிடும். இங்கோ சொல் ஒழியவில்லை, அடுத்த இருக்கைக்கு நகர்ந்து அமர்ந்துகொண்டது. எபிரேயர் பதினோராம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இந்நகர்வின் விளைவைத் தெளிவாகக் காணலாம். பழைய திருப்புதலில் 'நம்பு' என்னும் அடியினின்று பிறந்த வடிவம், விசுவாசம் எதைப் பற்றியதோ அப்பொருளைக் குறிக்கிறது. புதியதில் அதே அடியினின்று பிறந்த 'நம்பிக்கை' வரையறுக்கப்படும் பண்பையே குறிக்கிறது. ஒரே வாக்கியத்தில் ஒரே வினையடி எதிரெதிர் முனைகளில் நிற்கிறது.

இம்மாற்றத்தைச் செய்தவர்கள் காரணமின்றிச் செய்திருக்க மாட்டார்கள். பொதுத்தமிழில் 'விசுவாசம்' என்றால் இன்று முதலில் தோன்றுவது எசமானிடம் வேலையாள் காட்டும் பற்று, நாயின் நன்றி. இறைவனை ஏற்கும் மனநிலையை இச்சொல்லால் கிறித்தவரல்லாதார்க்கு விளக்குதல் அரிது. 'கடவுள் நம்பிக்கை' என்பதோ எல்லார்க்கும் விளங்கும். எனவே முதல் மாற்றத்தில் பிழை காணுதற்கில்லை. இடர்ப்பாடு இரண்டாவதில் உள்ளது. வீட்டின் முன்னறைக்கு ஒருவரை அழைத்தபோது பின்னறை காலியாயிற்று. அதற்குப் புதிதாக ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று.

'நம்பிக்கை' என்னும் சொல் தமிழில் மூன்று பொருட்புலங்களில் இயங்குகிறது. 'மூடநம்பிக்கை', 'கடவுள் நம்பிக்கை' என்பவற்றில் ஏற்புநிலை. 'நம்பிக்கைத் துரோகம்', 'நம்பிக்கையில்லாத் தீர்மானம்' என்பவற்றில் பிறர்மேல் வைக்கும் உறுதி. 'நம்பிக்கையூட்டும் செய்தி', 'நம்பிக்கை இழந்தான்' என்பவற்றில் எதிர்காலத்தைப் பற்றிய நல்லெண்ணம். பேச்சிலும் எழுத்திலும் இம்மூன்றும் மயங்குவதில்லை; ஏனெனில் தொடரமைப்பே அவற்றைப் பிரித்துவிடுகிறது. 'அவர்மீது நம்பிக்கை', 'அவரிடத்தில் நம்பிக்கை' என இடப்பொருள் உருபு வந்தால் முதலிரண்டு. 'வருவார் என்ற நம்பிக்கை' என எதிர்கால வினைமுற்றை 'என்ற' தழுவி வந்தால் மூன்றாவது. நினைவுரைத் தொடர்களில் இவ்வடையாளங்கள் உதிர்ந்துவிடுகின்றன என்பதே சிக்கலின் வேர். கல்லறைக் கல் சொற்செட்டை விரும்புகிறது. 'நம்பிக்கையில் இளைப்பாறுகிறார்', 'நம்பிக்கையோடு காத்திருக்கிறார்' என்பன போன்ற தொடர்களில் சொல் வெறுமனே நிற்கிறது. எழுதப்பட்ட ஆண்டும் சபையும் தெரியாமல் இத்தொடர்களின் பொருளை முடிவுசெய்ய முடியாது.

இனி 'எதிர்நோக்கு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பொதுவழக்கில் இது வினையாகவே மிகுதியும் வருவது; நல்லது தீயது என்னும் வேறுபாடின்றி எதனையும் செயப்படுபொருளாக ஏற்பது. விருந்தினரை எதிர்நோக்கலாம், பஞ்சத்தையும் எதிர்நோக்கலாம். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் மக்கள் எதிர்நோக்குபவை பெரும்பாலும் சிக்கல்களும் சவால்களுமே. அதாவது இச்சொல்லில் திசை உண்டு, விருப்பம் இல்லை, உறுதியும் இல்லை.

விருப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது தொல்காப்பியத்தை நினையாதிருக்க இயலவில்லை. உரியியல், 'நம்பு' என்பதற்கும் 'மேவு' என்பதற்கும் 'நசை' என்றே பொருள் கூறுகிறது. நசையாவது விருப்பம். இன்றைய 'நம்பிக்கை'யில் உறுதிப்பொருள் மேலோங்கியுள்ளது; ஆயின் அதன் அடியில் நசை கிடக்கிறது. பழம்பொருள் இன்றைய வழக்கை ஆளும் என்று வாதிடுவது என் கருத்தன்று. சொற்பிறப்பைக் கொண்டு வழக்கைத் திருத்த முயல்வோர் பெரும்பாலும் தோற்றே போயினர். ஆனால் 'அவன் பிழைப்பான் என்ற நம்பிக்கையில் இருக்கிறோம்' என்னும்போது விருப்பமும் உறுதியும் ஒருங்கே ஒலிப்பதை இன்றும் எவரும் உணரலாம். ஆங்கிலத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம், அடக்க ஆராதனையில் இதே கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லுக்கு உறுதிப்பொருளுடைய அடைகள் இரண்டை முன்னால் சேர்க்க வேண்டியிருந்தது. அச்சொல் தனித்து நின்றால் வெறும் ஆசையாகத் தேய்ந்துவிடும். தமிழ் 'நம்பிக்கை'க்கு அவ்வடைகள் மிகை.

மலையாளத்தின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. 1910-ஆம் ஆண்டின் சத்தியவேதபுஸ்தகமும் பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பும் இதில் ஒத்துப்போகின்றன. முதலாவதற்கு 'விசுவாசம்', இரண்டாவதற்கு 'பிரத்யாச'. அம்பூரியின் சிரியக் கத்தோலிக்கரும் பாறசாலையின் தென்னிந்தியத் திருச்சபையினரும் மலையாளத்தில் வழிபடும்போது ஒரே சொல்லையே சொல்கின்றனர். தமிழில் வழிபடுவோரே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றனர். பொது மொழிபெயர்ப்பு என்னும் பெயர் பெற்றிருந்தும், சீர்திருத்த சபைகளின் வழிபாட்டில் பழைய திருப்புதலே இன்றளவும் நிலைத்துள்ளது.

இங்கே மொழியியலார் நின்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 'பிரத்யாச' என்பதில் 'பிரதி' முன்னொட்டு, 'ஆசா' விருப்பம். மலையாளத்தில் இதற்கு அண்டைச்சொல் ஒன்றும் உண்டு: 'பிரதீக்ஷ'. 'பிரதி' என்பதோடு 'ஈக்ஷ்', அதாவது 'நோக்கு', சேர்ந்து அமைந்தது. அன்றாட வாழ்வின் எதிர்பார்ப்புக்குப் 'பிரதீக்ஷ' என்பர். தேர்வு முடிவு, மழை, வேலை, மருத்துவரின் சொல் எல்லாம் இதன் எல்லைக்குள் அடங்கும். சமய நடையில், சாவைக் கடந்து நிற்பதற்குப் 'பிரத்யாச' என்பர். இப்போது தமிழ் 'எதிர்நோக்கு' என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'எதிர்' முன்னால், 'நோக்கு' பின்னால். உறுப்புக்கு உறுப்பாக இது 'பிரதீக்ஷ' என்பதற்கே நிகர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று ஆக்கப்பட்டது என்பதற்குச் சான்றில்லை; நான் அவ்வாறு கூறவுமில்லை. எனினும் இருமொழியும் காதில் வாங்கும் எல்லைப்புறத்தார்க்கு விளைவு ஒன்றே: மலையாளம் கல்லறையருகில் பயன்படுத்தத் தயங்கும் சொல்லின் அமைப்பை, தமிழ் அவ்விடத்துக்கென்றே தேர்ந்தெடுத்துள்ளது. 'ஆசை' இருந்த இடத்தில் 'பார்வை' நிற்கிறது.

2001-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டதன் காரணம் இப்போது விளங்கும். மண்சரிவு நேர்ந்த எந்த ஊரிலும் தோண்டும் பணி நடக்கும் முதல் நாள்களில், 'உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை' என்றுதான் தமிழர் பேசுவர், எழுதுவர். பிறகு 'நம்பிக்கை குறைந்தது' என்பர். 'நம்பிக்கை அற்றது' என்பர். அதன் பின்னர் அடக்கம். அடக்கத்தில் பழைய திருப்புதலை வாசித்தால், அற்றுப்போன அதே சொல் மீண்டும் ஒலிக்கும்: 'உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை'. தொடரமைப்பும் ஒன்றே, எதிர்கால வினைமுற்றும் 'என்ற' என்பதும் ஒன்றே. முந்திய நாள் மண்வெட்டியோடு முடிந்துபோன ஒன்றும் இது ஒன்றும் வேறு என்பதைக் கேட்பவர் தாமே உணர வேண்டும். அவ்வுணர்வு எழுவதற்கு ஒரே சொல் இரண்டிடத்தும் வருவது இன்றியமையாதது. 'எதிர்நோக்கு இழந்தனர்' என்று தமிழில் எவரும் சொல்வதில்லை. இழக்க முடியாத சொல்லால் இழப்பை மறுக்கவும் முடியாது. மலையாளம் இவ்விரண்டையும் 'பிரதீக்ஷ', 'பிரத்யாச' எனச் சொல்லாலேயே பிரித்துவிடுகிறது. தெளிவு மிகுதி, அதிர்வு குறைவு. இரண்டில் எது சிறந்தது என்பது சுவையைப் பொறுத்தது. ஆனால் தமிழுக்கு இயல்பாக வாய்த்தது முதல்வகை.

மறுபுறத்தையும் சொல்லுதல் முறை. முப்பதாண்டு வழிபாட்டு வழக்கு எச்சொல்லையும் பக்குவப்படுத்திவிடும். 2025-ஆம் ஆண்டின் கத்தோலிக்க யூபிலிக் கொண்டாட்டத்தில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்னும் தொடர் பரவலாகப் புழங்கியது. இச்சொல்லோடு பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதில் விருப்பமும் உறுதியும் ஏறியிருக்கக் கூடும். அத்தலைமுறையினர் தம் பெற்றோரின் நினைவு அட்டையில் அதனைப் பொறித்தால், மொழிபெயர்ப்பாளன் அதைப் 'பிரதீக்ஷ' என்று பெயர்த்தல் தவறு; சொல்லின் உறுப்புகளை அன்று, சபையின் வழக்கையே அவன் பின்பற்ற வேண்டும். என் குறை சொல்லின்மேல் உள்ளது, சொல்பவர்மேல் இல்லை.

'நம்பிக்கை'யோடு இணைந்தே வரும் மற்றொரு சொல் 'நித்திரையடை'. சாவை உறக்கமாகக் கூறும் வழக்குக் கிரேக்க விவிலியத்தினின்று வந்தது. 'கொய்மா' என்னும் அடியிலிருந்தே கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களும், அவற்றின் வழியாக மலையாளச் 'செமித்தேரி'யும் பிறந்தன. அவ்வடியில் வழக்கமான உறக்கமும் சாவும் ஒரே வினையால் குறிக்கப்படும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணைவினையால் இவற்றைப் பிரித்தனர். 'நித்திரை செய்' என்றால் தூங்குதல்; 'நித்திரை அடை' என்றால் கர்த்தருக்குள் மரித்தல். யோவான் பதினோராம் அதிகாரத்தில் இலாசருவின் சாவைப் பற்றிய உரையாடலில் பழைய திருப்புதல் இரு வடிவங்களையும் கையாளுகிறது. இயேசு சொல்வதற்கு 'அடை'. சீடர் அதனைத் தவறாக விளங்கிக்கொண்டதை ஆசிரியர் விளக்குமிடத்துச் 'செய்'. நுட்பமான ஏற்பாடு. ஆனால் நூற்றைம்பது ஆண்டு மரண அறிவிப்புகளுக்குப் பின் 'நித்திரையடைந்தான்' என்றதுமே தமிழ்க் கிறித்தவர் இறப்பையே உணர்வர். சீடர்கள் ஏன் விளங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்க்கு விளங்காது. பொது மொழிபெயர்ப்பு 'தூங்கு' என்னும் எளிய வினையை இட்டு அக்குழப்பத்துக்கு உயிர் கொடுத்தது. இவ்விடத்தில் புதியதே மேல்.

தெசலோனிக்கேயர் பகுதியில் நிலை வேறு. 13-ஆம் வசனத்தில் மலையாளம் 'நித்ர கொள்ளுந்நவர்' என நிகழ்காலத்தையும், 14-இல் 'நித்ர கொண்டவர்' என இறந்தகாலத்தையும் வேறுபடுத்துகிறது. பழைய தமிழ்த் திருப்புதல் ஈரிடத்தும் 'நித்திரையடைந்தவர்கள்' என இறந்தகாலமே தருகிறது. அவசரப்பட்டு இதனைத் தமிழின் குறையாகக் கூறிவிடுதல் கூடாது. பவர் காலத்தில் புழக்கத்திலிருந்த 'ஏற்கப்பட்ட பாடம்' 13-ஆம் வசனத்தில் முற்றுநிலை வடிவத்தைக் கொண்டது. பின்னர் வந்த திறனாய்வுப் பதிப்புகளே நிகழ்கால வடிவத்தைத் தெரிவுசெய்தன. மொழிபெயர்ப்பு வேறுபாடெனத் தோன்றுவது மூலபாட வேறுபாடாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பொது மொழிபெயர்ப்பு இங்கு உறக்க உருவகத்தையே விட்டு, இறந்தோர் என்று நேராகச் சொல்கிறது. தெளிவு கிடைத்தது. ஆனால் கல்லறையில் 'இளைப்பாறுகிறார்' என நிகழ்காலத்தில் பொறிக்கும் வழக்குக்கு விவிலியத்தில் இருந்த பற்றுக்கோடு தளர்ந்தது.

எல்லைப்புற மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சிறுசொற்கள் வேறு சிலவும் உள்ளன. மலையாள அறிவிப்புகளில் இறந்தவரைக் குறிக்கும் 'பரேதன்' என்பது 'அப்பால் சென்றவர்' எனப் பொருள்படும் மரியாதைச் சொல். தமிழ்க் காதுக்கு அது 'பிரேதம்' போல ஒலித்து அருவருப்பூட்டும். 'சம்ஸ்கார சுச்ரூஷ' என்பது அடக்க ஆராதனை. பண்பாட்டு விழா அன்று. மறுதலையாக, குமரித்தமிழின் 'ஓர்மை' மலையாளியிடம் எவ்வித விளக்கமுமின்றிச் சென்றுசேரும். சென்னைத் தமிழர்க்கே அது புரியாது. சிரியக் கத்தோலிக்கர் கல்லறையில் ஓதும் 'ஒப்பீஸ்' என்பதை மொழிபெயர்க்க முயலாமல் அப்படியே விடுதல் நலம். இலங்கையில் சில வேளைகளில் கிறித்தவ அறிவிப்புகளிலும் காணப்படும் 'அமரர்' என்பது உயிர்த்தெழுதற் கொள்கையோடு எவ்வாறு பொருந்தும் என்று கேட்டால் விடை கூறுதல் கடினம், எவரும் கேட்பதில்லை.

இவற்றினும் ஆழமான வேறுபாடு ஒரு வேற்றுமை உருபில் மறைந்துள்ளது. கத்தோலிக்கர் இறந்தோர்க்காக மன்றாடுவர். 'நித்திய இளைப்பாற்றி' வேண்டும் செபம் அவர்களுக்குரியது. சீர்திருத்த சபையினர் இறந்தோர்க்காக மன்றாடுவதில்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்காக நன்றி கூறுவர். 'இவருக்காக மன்றாடுகிறோம்', 'இவருக்காக நன்றி செலுத்துகிறோம்' என்னும் இரண்டிலும் 'ஆக' ஏற்ற நான்காம் வேற்றுமையே வருகிறது. முன்னதில் இறந்தவர் பயன்பெறுபவர். பின்னதில் காரணமாக நிற்பவர். வினையைச் சொல்லாது 'அன்னைக்காக' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு நினைவு அட்டை இரு சபையார்க்கும் இரு வேறு பொருள் தரும். மலையாளத்தில் முதலாவதற்கு 'வேண்டி' எனவும், இரண்டாவதற்கு 'ஓர்த்து' எனவும் வேறு சொற்களைக் கையாள இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் ஒன்றைத் தெரிவுசெய்யும்போதே ஒரு சபையையும் தெரிவுசெய்துவிடுகிறான்.

தெசலோனிக்கேயர் பகுதியில் துக்கத்தைப் பற்றிய எதிர்மறையும் ஒரு சொல் சொல்லப்பட வேண்டியது. 'அவர்களைப் போல நீங்கள் அழக்கூடாது' என்னும் தமிழ் வாக்கியத்தில் எதிர்மறை எதுவரை செல்கிறது? அழுகையே கூடாது என்பதா, அவர்கள் அழும் முறையில் அழக்கூடாது என்பதா? 'போல' என்பதை வினையோடு கொள்வதா, எதிர்மறை சேர்ந்த முற்றோடு கொள்வதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். கிரேக்க மூலத்தைப் பற்றியும் உரையாசிரியரிடையே இக்கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சிக்கலாக மட்டும் இருந்ததில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்களை அடக்குவதற்கு இவ்வசனத்தை எடுத்தாளும் உபதேசியார்கள் முதற்பொருளையே கொண்டனர். அதே உபதேசியார்கள் இலாசருவின் கல்லறையருகில் இயேசு கண்ணீர் விட்டதைப் பற்றியும் பிரசங்கித்தார்கள். 'நம்பிக்கையற்றவர்களான' என்னும் அடை 'மற்றவர்கள்' என்பதற்கு முன்னால் நிற்பதால், தடுக்கப்படுவது நம்பிக்கையற்ற துக்கமே என்று கொள்வதற்குத் தமிழ்த் தொடர் நன்றாகவே இடந்தருகிறது. ஒரே இரவில் உறவினர் பலரை இழந்த ஊருக்கு முன்னால் இவ்வசனத்தை வாசிப்பவர் எப்பொருளில் வாசிக்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

பழைய சபைப் பதிவேடுகளையும் கல்லறை எழுத்துகளையும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துப் பதிவுசெய்யும் தேவை இப்பகுதியில் இனி மிகும். வெளிநாடுகளில் வாழும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. 'உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் இளைப்பாறுகிறார்' என்று ஒரு கல் சொல்லுமானால், அதன் ஆண்டு 1995-க்கு முந்தியதெனில் எச்சபையாயினும் ஐயமில்லை: 'பிரத்யாச'. பிந்தியதெனில், தென்னிந்தியத் திருச்சபையின் கல்லறைத் தோட்டமாயின் அதுவே. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமாயின் 'விசுவாசம்' என்பதற்கும் இடமுண்டு, குடும்பத்தாரைக் கேட்டறிய வேண்டும். இரு சபைக் குடும்பங்களும் மணவுறவால் கலந்த பொதுக் கல்லறைகளில், கல்லில் சிலுவையும் பெயரும் ஆண்டும் மட்டுமே இருந்து சபைப்பெயர் இல்லாதபோது, அச்சொல்லை 'நம்பிக்க' என்றே மலையாள எழுத்தில் விட்டுவிடுவதை நான் விரும்புவேன். மலையாளத்திலும் அச்சொல் உண்டு. நம்பகத்தன்மை என்னும் வேறு பொருளில்தான். வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். அருகில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்பார்.